பிளாக்ஃபிரையர்ஸ் பாலம்: ஒரு செப்புத் தகட்டுப் படம் கற்பிக்கும் பாடம்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சுப்படத் தொகுப்பிலும், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் தொகுப்பிலும் ஒரு பாலத்தின் படம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஏறத்தாழ இரண்டடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமும் கொண்ட காகிதம். கறுப்பு மையைத் தவிர வேறு வண்ணம் கிடையாது. 1764-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தேம்ஸ் நதியின் மேல் பிளாக்ஃபிரையர்ஸ் பாலம் எந்த நிலையில் இருந்தது என்பதைக் காட்டும் படம் அது. அச்சாகி வெளிவந்த ஆண்டு 1766.

பாலங்களின் படங்கள் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை கட்டி முடித்த பாலத்தையே காட்டும். இந்தப் படம் கட்டி முடியாத பாலத்தைக் காட்டுகிறது. அதுவே இதன் தனிச்சிறப்பு. பாலம் முடிந்ததும் பிரித்து எடுத்துச் செல்லப்பட்டு, யார் நினைவிலும் நில்லாமல் போகும் மரவேலை ஒன்று இதில் நிலைபெற்றிருக்கிறது. அந்த மரவேலையைப் பற்றியும், அதைக் காகிதத்தில் கொண்டுவந்த முறையைப் பற்றியும் நம் மலரின் வாசகர்களுக்கு, குறிப்பாக மேல்நிலைப் பள்ளியிலும் பாலிடெக்னிக்கிலும் பயிலும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவர், இரண்டு நகரங்கள்

பாலத்தை வடிவமைத்துக் கட்டியவர் ராபர்ட் மில்ன் (1733-1811). ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், தலைமுறை தலைமுறையாகக் கல் வேலை செய்துவந்த குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் ரோமாபுரிக்குச் சென்று கட்டடக் கலை பயின்றார். 1758-இல் அங்குள்ள சான் லூக்கா கலைக்கழகம் நடத்திய போட்டியில் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டு லண்டன் திரும்பியபோது, பிளாக்ஃபிரையர்ஸில் புதிய பாலம் கட்ட வரைபடங்கள் கேட்டிருந்தார்கள். 60-க்கும் மேற்பட்டவர்கள் போட்டியிட்டார்கள். அவர்களுள் தேர்வானவர் அதுவரை பெரிய பாலம் எதையும் கட்டியிராத மில்ன். லண்டன் திரும்பியபோது அவருக்கு வயது 26.

படத்தை வரைந்தவர் ஜியோவன்னி பாத்திஸ்தா பிரானேசி (1720-1778). வெனிஸ் நகருக்கு அருகில் பிறந்தவர். தந்தையார் கல்தச்சர். தாய்மாமன் வெனிஸ் அரசின் நீர்நிலைத் துறையில் கட்டடப் பணி பார்த்தவர். பிரானேசியின் தொடக்கக் கல்வி அவரிடம்தான். பிறகு ரோமில் குடியேறி, அந்நகரின் பழைய மண்டபங்களையும் பாலங்களையும் செப்புத் தகட்டில் வரைந்து பெரும்புகழ் பெற்றார். கல்லின் எடையும் நீரின் வேகமும் மரத்தின் வலிமையும் அறிந்த குடும்பத்தில் வளர்ந்தவர் என்பது அவருடைய படங்களைப் பார்க்கும் எவருக்கும் விளங்கும்.

ரோமில் படித்த காலத்தில் மில்னும் பிரானேசியும் நண்பர்களானார்கள். அந்த நட்பின் பயனாகவே இந்தப் படம் பிறந்தது. பிரானேசி லண்டனுக்குப் போனதே இல்லை. மில்ன் லண்டனிலிருந்து அனுப்பிய வரைபடங்களை வைத்துக்கொண்டு, ரோமில் அமர்ந்து தகட்டில் வரைந்தார். வேலைத்தளத்திலிருந்து வரைபடம் வர, வெகுதொலைவில் வேறொருவர் அதைப் படித்து உருவம் கொடுப்பது என்பது பொறியியல் துறையில் நாள்தோறும் நடப்பதுதான். வரைபடம் சரியாக இருந்தால் கண்ணால் காணாததையும் கட்டலாம், வரையலாம்.

எட்சிங் என்பது எப்படிச் செய்வது?

இவ்வகைப் படத்தை ஆங்கிலத்தில் எட்சிங் என்பார்கள். அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படம் என்று தமிழில் சொல்லலாம். செய்முறை பின்வருமாறு:

முதலில் மெருகேற்றிய செப்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சைத் தடவுவார்கள். அதன் மேல் கூரிய ஊசியால் படத்தை வரைவார்கள். ஊசி செப்பைக் கீறுவதில்லை. பூச்சை மட்டும் விலக்கி, கோடு கோடாகச் செப்பை வெளிக்காட்டும். பிறகு தகட்டை அமிலத்தில் வைப்பார்கள். நகை வேலை செய்பவர்கள் திராவகம் என்று சொல்வார்களே, அந்த இனத்தைச் சேர்ந்தது. பூச்சு உள்ள இடத்தை அது தொடாது. ஊசி போன இடத்தில் மட்டும் செப்பை அரித்துப் பள்ளமாக்கும்.

நுட்பம் இங்கேதான் இருக்கிறது. தூரத்து வானத்துக்கு மெல்லிய கோடு வேண்டும்; பாலத்தின் அடிவயிற்று நிழலுக்கு ஆழமான கோடு வேண்டும். எனவே சிறிது நேரம் அரித்ததும் தகட்டை வெளியே எடுத்து, மெல்லியதாக இருக்க வேண்டிய கோடுகளை வார்னிஷ் போட்டு மூடிவிடுவார்கள். மீண்டும் அமிலம், மீண்டும் மூடுதல். இப்படிப் பல தடவை செய்வதால் ஒரே தகட்டில் பல ஆழங்கள் கிடைக்கும். பிரானேசி இதில் கைதேர்ந்தவர். அவருடைய நிழல்கள் அவ்வளவு கனமாக இருப்பதற்கு இந்தத் திரும்பத் திரும்ப அரிக்கும் முறையே காரணம்.

பின்பு பூச்சை நீக்கி, தகடு முழுவதும் மை தடவித் துடைப்பார்கள். மேற்பரப்பில் உள்ள மை போய்விடும். பள்ளத்தில் உள்ள மை நிற்கும். ஈரமாக்கிய காகிதத்தை அதன் மேல் வைத்து, இரண்டு உருளைகளுக்கிடையே கரும்பைக் கொடுப்பதுபோல் அழுத்தத்துடன் செலுத்தினால், காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். ஆகவே அசல் எட்சிங்கை விரலால் தடவினால் (மியூசியத்தில் விடமாட்டார்கள்) கோடுகள் சற்றே மேடிட்டிருப்பது தெரியும். தகட்டின் விளிம்பு பதிந்த தடமும் காகிதத்தில் நான்கு பக்கமும் இருக்கும். அசலா, பிற்காலத்து நகலா என்று ஐயம் வரும்போது முதலில் பார்ப்பது இந்தத் தடத்தைத்தான்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தகட்டில் வரைவது அச்சில் இடம் வலமாக மாறி விழும். எனவே முழுப் படத்தையும், படத்தின் கீழே உள்ள எழுத்துக்களையும் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைமாற்றித் தகட்டில் போடவேண்டும்.

வளைவைப் பற்றிய வாக்குவாதம்

இனிப் பாலத்துக்கு வருவோம். பிளாக்ஃபிரையர்ஸ் பாலம் 9 கண்கள் கொண்டது. மொத்த நீளம் 995 அடி. நடுக்கண்ணின் அகலம் 100 அடி. அதன் இருபுறமும் முறையே 98, 93, 83, 70 அடி என்று குறைந்துகொண்டே போகும். கூட்டிப் பார்த்தால் நீர் செல்லும் வழி 788 அடி. மீதமுள்ள நீளம் தூண்களுக்கும் கரைச் சுவர்களுக்கும் போயிற்று. லண்டன் நகர்ப்பகுதியில் அதற்கு முன் இருந்தவை பழைய லண்டன் பாலமும் 1750-இல் திறந்த வெஸ்ட்மின்ஸ்டர் பாலமும்தாம்.

மில்ன் தம் கண்களுக்கு அரைவட்ட வளைவு போடாமல் நீள்வட்ட வளைவு போட்டார். காரணம் எளிது. 100 அடி அகலமுள்ள அரைவட்டம் 50 அடி உயரும். அவ்வளவு உயரத்துக்குச் சாலையை ஏற்றினால் குதிரை வண்டிகள் ஏற முடியாது. உயரத்தைக் குறைக்கவேண்டுமானால் கண்களின் அகலத்தைக் குறைக்கவேண்டும். அப்போது தூண்கள் பெருகி ஆற்றை அடைத்துவிடும். நீள்வட்டம் இரண்டுக்கும் தீர்வு.

ஆனால் எதிர்ப்பு பலமாக எழுந்தது. எதிர்த்தவர்களுள் ஒருவர், 1755-இல் ஆங்கில அகராதியை வெளியிட்டுப் பெயர் பெற்ற டாக்டர் சாமுவேல் ஜான்சன். அவருடைய நண்பர் ஒருவரும் போட்டியில் இருந்தார். 1759 டிசம்பரில் ஜான்சன் நாளிதழுக்கு மூன்று கடிதங்கள் எழுதி, அரைவட்டமே வலுவானது, உச்சியில் தட்டையாகிப்போகும் நீள்வட்டம் பாரம் தாங்காது என்று வாதிட்டார். சொல்வன்மையில் அவருக்கு நிகரில்லை. ஆனால் வளைவு நிற்பதும் விழுவதும் சொல்வன்மையைப் பொறுத்ததல்ல. கற்களின் வழியாக இறங்கும் அழுத்தம் வளைவின் கனத்துக்குள்ளேயே பயணம் செய்து தூணை அடையுமானால், வளைவு அரைவட்டமானாலும் நீள்வட்டமானாலும் நிற்கும். தட்டையான வளைவு தூண்களைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும் என்பது உண்மை. அதற்கேற்பத் தூண்களையும் கரைச் சுவர்களையும் அமைப்பது பொறியாளரின் பொறுப்பு. 1760-இல் வேலை தொடங்கியது. வளைவுகள் நின்றன.

படத்தின் கதாநாயகன்: சென்ட்ரிங்

நம் வீடுகளில் கான்கிரீட் தளம் போடும்போது அடியில் பலகை அடித்து முட்டுக் கொடுப்பதைச் சென்ட்ரிங் என்கிறோம். கொத்தனார் முதல் சித்தாள் வரை எல்லோரும் அறிந்த சொல். இந்தச் சொல்லின் மூலமே வளைவுப் பாலம்தான். கல் வளைவு கட்டும்போது, உச்சியில் கடைசிக் கல்லை இறக்கும்வரை வளைவு தானாக நிற்காது. அதுவரை எல்லாக் கற்களையும் சுமப்பதற்கு வளைவின் வடிவிலேயே மரச்சட்டம் ஒன்றை அடியில் நிறுத்தவேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் சென்டர் என்று பெயர். அதிலிருந்து பிறந்ததுதான் நம் சென்ட்ரிங்.

பிரானேசியின் படத்தில் கண்ணை முதலில் இழுப்பது இந்த மரச்சட்டமே. பார்வையாளர் நீர்மட்டத்துக்கு அருகே, பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல் காட்சி அமைந்திருக்கிறது. தூண்களிலிருந்து மரங்கள் சாய்வாகக் கிளம்பி, ஒன்றையொன்று குறுக்கே தாங்கி, மேலே வளைவைத் தொடுகின்றன. மனிதர்கள் எறும்பளவில் தெரிகிறார்கள்.

பொறியாளர் இந்தப் படத்தில் பார்க்கவேண்டியவை மூன்று.

முதலாவது, ஆற்றின் நடுவே முட்டு இல்லை. சட்டத்தின் கால்கள் தூண்களின் அடிப்பகுதியிலேயே ஊன்றியிருக்கின்றன. தேம்ஸ் நதியில் படகுப் போக்குவரத்து அதிகம். நடுவில் முட்டுக் கொடுத்தால் படகுகள் மோதும், வெள்ளமும் இழுக்கும். ஆகவே 100 அடி அகலத்தையும் மரச்சட்டமே தாண்டி நின்று, கல்லின் பாரத்தைச் சுமக்கவேண்டியிருந்தது.

இரண்டாவது, சட்டம் நெளியாமல் இருக்கவேண்டும். வளைவை இருபுறத்திலிருந்தும் கட்டிக்கொண்டு மேலே வருவார்கள். பக்கங்களில் பாரம் ஏறும்போது சட்டத்தின் உச்சி மேல்நோக்கிப் பிதுங்கும். கட்டி முடிக்கும் நேரத்தில் உச்சியில் பாரம் ஏற, பக்கங்கள் பிதுங்கும். இந்த அசைவுகளைத் தாங்கும்படி மரங்களைப் பிணைக்காவிட்டால் வளைவின் வடிவமே மாறிவிடும். படத்தில் மரங்கள் பல திசைகளில் குறுக்கிட்டுப் பின்னியிருப்பது அழகுக்காக அல்ல.

மூன்றாவது, சட்டத்தை எடுப்பது. போடுவதைவிட எடுப்பதே கடினம். கடைசிக் கல் இறங்கியதும் சட்டத்தைச் சட்டென்று உருவினால், வளைவு ஒரேயடியாக அமர்ந்து, கல்லுக்குக் கல் வாய் பிளக்கும். அக்காலத்துச் சுண்ணாம்புக் காரை மெதுவாகவே இறுகும். மில்ன் இதற்குச் செய்த ஏற்பாடு பின்னாளில் பாடநூல்களில் இடம்பெற்றது. சட்டத்துக்கு அடியில், படிபடியாக வெட்டிய நீண்ட ஆப்புகளை வைத்தார். சட்டத்தை இறக்கவேண்டிய நேரத்தில், கயிற்றில் தொங்கவிட்ட கனத்த தூலத்தை ஊஞ்சல்போல் ஆட்டி ஆப்பின் முனையில் இடித்தார்கள். ஒவ்வோர் இடிக்கும் ஆப்பு சிறிது நகரும். சட்டம் சிறிது இறங்கும். நிறுத்திப் பார்க்கலாம், வளைவு எவ்வளவு அமர்ந்தது என்று அளக்கலாம், திருப்தியானால் அடுத்த இடி. பாரம் மரத்திலிருந்து கல்லுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறியது.

இன்றும் தளம் போட்டு 14 நாள், 21 நாள் என்று எண்ணிப் பார்த்து முட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துகிறோம். பொருள் மாறிவிட்டது, பொறுமை மாறவில்லை. அவசரப்பட்டு சென்ட்ரிங் பிரித்ததால் தளம் இடிந்தது என்ற செய்தி இந்தக் காலத்திலும் நாளிதழ்களில் வந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இதை விரித்து எழுதவேண்டியிருக்கிறது.

படத்தை எவ்வளவு நம்பலாம்?

படம் வேறு, அளவு வரைபடம் வேறு. பிரானேசி மனிதர்களைச் சிறிதாக்கிக் கட்டடங்களைப் பெரிதாகக் காட்டும் வழக்கமுடையவர். ரோம் நகரத்தை அவர் படங்களில் கண்டு மயங்கி, நேரில் போய்ப் பார்த்தவர்கள் ஏமாந்ததும் உண்டு. 1756-இல் வெளியிட்ட ரோமானியத் தொல்பொருள் நூலில் பழைய பாலங்களின் கடைக்காலையும் வரைந்து காட்டினார். நீருக்கும் மண்ணுக்கும் அடியில் இருப்பதைப் பெருமளவு ஊகித்தே வரையவேண்டியிருந்தது.

ஆயினும் பிளாக்ஃபிரையர்ஸ் படத்தின் நிலை சற்று வேறு. பாலம் கட்டியவரே தந்த வரைபடம் இதற்கு ஆதாரம். எனவே மரங்களின் பிணைப்பைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். பிரம்மாண்டத்தை ஓவியரின் கற்பனை என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். எந்தப் பழைய படத்தையும் பார்க்கும்போது, யார் வரைந்தார், நேரில் கண்டா கேட்டா, யாருக்காக என்ற மூன்று கேள்விகளைக் கேட்பது நல்ல பழக்கம். மில்னுக்கு இந்தப் படம் ஒரு விளம்பரமும்கூட. ஐரோப்பாவின் புகழ்பெற்ற கலைஞர் தம் பாலத்தை வரைந்தார் என்பது இளம் பொறியாளருக்குச் சிறிய பெருமையா?

பாலத்தின் முடிவு

பாலம் 1769 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அது நூற்றாண்டு விழாக் கொண்டாடவில்லை. காரணங்கள் இரண்டு. ஒன்று, கட்டிய போர்ட்லண்ட் கல் நீரிலும் காற்றிலும் உளுத்துப்போனது. மற்றொன்று, சுமார் முக்கால் மைல் கீழே நடந்த மாறுதல். 1209-இல் கட்டி முடித்த பழைய லண்டன் பாலம், குறுகிய கண்களும் பருத்த தூண்களுமாக, ஓர் அணைபோலவே ஆற்றைத் தடுத்து வைத்திருந்தது. 1831-இல் புதிய லண்டன் பாலம் திறந்ததும் பழையதை இடித்தார்கள். தடை நீங்கியதும் நீரோட்டம் வேகமெடுத்து, மேலே இருந்த பாலங்களின் தூண்களைச் சுற்றிலும் மண்ணை அரித்தது. ஒரு பாலத்தை எடுத்தால் இன்னொரு பாலத்தின் கடைக்கால் ஆட்டம் காணும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நம் நாட்டு ஆறுகளில் மணல் அள்ளும் இடத்துக்கு அருகில் உள்ள பாலங்களுக்கும் இது பொருந்தும்.

பழுது பார்த்தும் பயனில்லாமல் 1860-களில் மில்னின் பாலத்தை இடித்தார்கள். 1869 நவம்பரில், சரியாக நூறாண்டு கழித்து, ஜோசப் கியூபிட் வடிவமைத்த ஐந்து கண் இரும்புப் பாலத்தை விக்டோரியா மகாராணி திறந்துவைத்தார். இன்று பிளாக்ஃபிரையர்ஸ் பாலம் என்று வழங்குவது அதுதான். அதன் பக்கத்தில் 1864-இல் ஒரு ரயில் பாலமும் வந்தது. பிற்கால ரயில்களின் பாரத்துக்கு அது போதாததால் 1985-இல் மேற்பகுதியை மட்டும் அகற்றினார்கள். அதன் சிவப்புத் தூண்களில் பல எதையும் சுமக்காமல் இன்னும் ஆற்றில் நிற்கின்றன.

காகிதத்தின் ஆயுள்

ஆக, மரச்சட்டம் சில ஆண்டுகளே நின்றது. கல் பாலம் நூறாண்டுகூட நிற்கவில்லை. காகிதம் இரண்டரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. அக்காலத்துக் காகிதம் பழந்துணிகளைக் கூழாக்கிச் செய்தது. மரக்கூழில் செய்த நாளிதழ்க் காகிதம்போல் விரைவில் பழுப்பேறி நொறுங்காது. அதோடு காப்பவர்களின் கவனமும் சேர்ந்திருக்கிறது. அச்சுப்படங்களை மியூசியங்கள் எப்போதும் சுவரில் மாட்டி வைப்பதில்லை. வெளிச்சம் காகிதத்தைக் கெடுக்கும். தூசி புகாத, புத்தகம்போல் திறக்கும் பெட்டிகளில் இருட்டில் வைக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு சோலாண்டர் பெட்டி என்று பெயர். கேப்டன் குக்குடன் கடற்பயணம் சென்ற, பிரிட்டிஷ் மியூசியத்தில் பணிபுரிந்த டேனியல் சோலாண்டர் வகுத்தது. காட்சிக்கு வைக்கும்போதும் 50 லக்ஸ் அளவுக்கு மங்கிய விளக்கொளியில், சில மாதங்களுக்கு மட்டுமே வைப்பது வழக்கம். மியூசியத்தில் வெளிச்சம் போதவில்லை என்று நாம் குறைப்படுவதற்குப் பின்னால் இப்படியொரு காரணம் இருக்கிறது.

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போகத்தான் வேண்டும் என்பதில்லை. கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோரின் படைப்புகள் பெருமளவில் உள்ளன. 1786 முதல் 1788 வரை தாமஸ் டேனியல் கொல்கத்தாவிலேயே செப்புத் தகட்டில் அமிலம் விட்டு அந்நகரக் காட்சிகளை அச்சிட்டார். அங்கு வாழும் நம் அன்பர்கள் பிள்ளைகளுடன் சென்று, காகிதத்தில் தகட்டுத் தடம் தெரிகிறதா, நிழலில் கோடு எவ்வளவு ஆழம் என்று பார்க்கலாம்.

நாம் செய்யக்கூடியது

பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்த நம்மவர்களில் எத்தனையோ பேர் இந்த நாட்டின் பாலங்களிலும் அணைகளிலும் ஆலைகளிலும் வேலை செய்திருக்கிறார்கள். வரைவாளராக, மேஸ்திரியாக, வெல்டராக, சித்தாளாக உழைத்தவர்களின் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் வீடுகளில் திறப்பு விழாப் படம் இருக்கும். அமைச்சர் ரிப்பன் வெட்டுவதும் மாலைகளும் தெரியும். வேலை நடந்தபோது எடுத்த படம் இருப்பது அரிது. எப்படிச் சாரம் கட்டினார்கள், வெள்ளத்தில் எப்படிக் கடைக்கால் போட்டார்கள், எந்த இடத்தில் இடர்ப்பட்டு எப்படி மீண்டார்கள் என்பதெல்லாம் அவர்களுடைய வாய்மொழியில் மட்டுமே இருக்கிறது. அவர்களோடு அதுவும் போய்விடும்.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் இப்படி உழைத்த தாத்தாவோ மாமாவோ அத்தையோ இருந்தால், இந்த விடுமுறையில் ஒரு நாள் உட்கார்ந்து, அவர்கள் கட்டிய ஒன்று முடிவதற்குமுன் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் காகிதத்தில் வரையுங்கள். கோடு கோணலாக இருந்தால் பாதகமில்லை. ஆண்டும் இடமும் பெயரும் தவறாமல் கீழே எழுதுங்கள். பிரானேசி லண்டனைப் பார்க்காமலே வரைந்தார். நண்பர் சரியாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அது போதுமானதாக இருந்தது.